ஒரு தடவை எழுதும் தட்டு

ரெண்டாவது தட்டும் உள்ளே போயிற்று. அமிர்தராஜ் அண்ணாச்சி லேப்டாப்பின் விலாவிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ட்ரேயை ரெண்டு விரலால் தள்ளினார், அது ஒருமுறை செருமிவிட்டு உள்வாங்கிக்கொண்டது, பிறகு சுற்றத் தொடங்கியது. மணி நாலு பன்னிரண்டு. பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவு ஐந்து மணிக்கு மூடும். அந்த ஜன்னலைச் சாத்துகிற சத்தம்கூட எனக்குத் தெரியும், ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குச் சாத்தினால் எனக்குச் சாத்தினது சாத்தினதுதான். மூன்று நீட்டிப்பும் வாங்கியாயிற்று, நாலாவது கிடையாது என்று போன வருஷமே சிவப்பு மையில் அடிக்கோடு போட்டுக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். மடியில் நாலு புத்தகம், பச்சைக் காலிகோ அட்டை, முதுகில் பொன் எழுத்தில் மு. சண்முகவடிவு என்று என் பெயர். பைண்டர் "சண்முக" என்பதை முடிக்கும்போதே இடம் போதாமல் திண்டாடியிருக்கிறார், "வடிவு" ஒடுங்கிப்போய் நிற்கிறது. பரவாயில்லை, நானும் அப்படித்தான் நின்றேன் ஒன்பது வருஷம். நாலு புத்தகம், பதினாறு படிவம், எல்லாம் இருக்கிறது. ஒரு சிடி இல்லை. "ஆய்வேட்டின் மென்பிரதி, குறுந்தகட்டில், ஒன்று" என்று பட்டியலில் பதினேழாவதாக ஒரு வரி. அதை நான் வாசித்துத்தான் இருந்தேன், வாசித்தும் மனசில் ஏறவில்லை. குறுந்தகடு என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கலைச்சொல் எழுதிப்போட்டு, பிழையாக எழுதினால் அரை மதிப்பெண் குறைக்கிற தமிழாசிரியைக்கு, அது கடைக்குப் போய் வாங்க வேண்டிய ஒரு பொருள் என்று தோன்றவே இல்லை.

வேண்டியதுதான் எனக்கு. பல்கலைக்கழக வாசலில் செக்யூரிட்டிதான் சொன்னார், எதிர்க்கே ஜெராக்ஸ் கடைக்குப் போங்கம்மா, அந்த ஒரு கடையிலதான் சிடி எழுதுவாங்க என்று. ஒரு கடை, ஒரு லேப்டாப், ஒரு கீறல் விழுந்த கறுப்பு மூடி. தடிமன் பார்த்தால் பத்தாம் வகுப்பு கைடு மாதிரி இருக்கிறது. முதல் தட்டு அறுபத்தோரு சதவீதத்தில் நின்றுவிட்டது, நின்றதோடு விடாமல் ட்ரேயும் திறக்க மறுத்துவிட்டது. அண்ணாச்சி மேஜை டிராயரைக் குடைந்து, "குண்டூசி இருந்துச்சே டீச்சர், யாரோ தூக்கிட்டுப் போயிட்டாவ" என்றார். ட்ரேயின் முகப்பில் ஒரு பொட்டு ஓட்டை இருக்கிறதாம், அதில் குத்தினால் திறக்குமாம். என் வளையலில் எப்போதும் ரெண்டு ஊக்கு கிடக்கும். ஒன்றைக் கழற்றி நிமிர்த்திக் கொடுத்தேன். குத்தினார், வாயைத் திறந்தது. புடவைக் கொசுவத்துக்கு வைத்திருந்த ஊக்கால் ஒரு இயந்திரத்தின் வாயைத் திறக்க முடிகிறதே என்று அந்த அவசரத்திலும் எனக்கு ஒரு சந்தோஷம். "இது நாலு எக்ஸ்ல எழுதுதேன், மெதுவா எழுதினாத்தான் நிக்கும்," என்றார் அண்ணாச்சி. "இதுவும் போச்சுன்னா?" என்று கேட்டேன். "தட்டு இது ஒண்ணுதான் டீச்சர் இருக்கு. ஸ்டாக்கு திங்கக்கிழமைதான் வரும். பயப்படாதீய, எழுதிரும்." பயப்படாதீய என்று சொல்வதற்கு முன்னால் எதற்கு அத்தனை விவரம் சொன்னார் என்று தெரியவில்லை. நாலு சதவீதம். ஐந்து.

இந்த மாதிரி சிடி போடுகிற ஓட்டை என் லேப்டாப்பில் இருந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. வாங்கின அன்றைக்கே கேட்டேனே. ஜங்ஷன் பக்கம் அந்தக் கடையில் ரெண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தான் அந்த டை கட்டின பையன், ஒன்று தடிமன், விலாவில் சிடி போடும் இடத்தோடு, இன்னொன்று ஒல்லி, எங்கே தடவிப்பார்த்தாலும் வழவழவென்று. "இதுல சிடி எங்க போடணும்?" என்று நான் கேட்டதும் என் மகள் சிந்துஜா கண்ணை மூடிக்கொண்டாள், வெட்கமாம். "இப்ப யாரு மேம் சிடி போடுறா, எல்லாம் எடுத்துட்டாங்க," என்று அவன் சொன்ன தோரணையைப் பார்த்தால் என்னவோ நானே போய் எடுக்கச் சொன்ன மாதிரி. எடுத்துட்டாங்கன்னா யாரைக் கேட்டு எடுத்தாங்க? பள்ளிக்கூடத்தில் பயிற்சி கொடுத்துவிட்டுக் கடைசியில் ஆளுக்கொரு சிடி கொடுத்து அனுப்புகிறார்களே, அதை என்ன செய்வது, தலைக்கு மேல் தொங்கவிட்டுக் காக்கா விரட்டவா? கல்யாண வீடியோ ரெண்டு சிடி இருக்கிறதே? "அந்த வீடியோவ எத்தனை தடவ பாத்த நீ?" என்றாள் சிந்துஜா. யோசித்துப் பார்த்தால் ஒன்றரைத் தடவை. ரெண்டாவது தடவை பாதியில் கரண்ட் போயிற்று, பிறகு யாரும் மிச்சத்தைக் கேட்கவில்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரர் ரெண்டையும் ஒவ்வொரு கையில் தூக்கிப் பார்த்தார். தபால் ஆபீஸ்காரர், கையாலேயே கிராம் சொல்லிவிடுவார். "இது ஒரு கிலோ கூட இருக்கு வடிவு. நீ பஸ்ல நின்னுக்கிட்டே தூக்கிட்டு அலையணும். லேசானத எடு," என்றார். தீர்ந்தது விவாதம். சிடி போட்டால் சுற்றுவதற்கு ஒரு மோட்டார், அதற்கு ஒரு இடம், அந்த இடத்தை எடுத்தால் பெரிய பேட்டரி வைக்கலாமாம், ஆறு மணி நேரம் நிற்குமாம். உண்மையாகவே நின்றது. பாபநாசத்தில் ஏறி, அம்பாசமுத்திரம் தாண்டி, சேரன்மகாதேவி தாண்டி, தோளில் ஒரு வலி இல்லாமல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் மடியில் தட்டித் தட்டி எழுதினேன். அந்தத் தடிமனை வாங்கியிருந்தால் மூன்றாவது மாசமே ஆராய்ச்சியை விட்டிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். ஆக இந்த ஓட்டை இல்லாததால் ஆய்வேடு முடிந்தது, இந்த ஓட்டை இல்லாததால் ஆய்வேடு வாசலில் நிற்கிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அண்ணாச்சியிடம் கேட்டால் நிதானமாகச் சொல்கிறார், "கம்பெனிக்காரன் எடுத்துட்டான், யூனிவர்சிட்டிக்காரன் இன்னும் எடுக்கல. அந்த எடவெளியிலதான் டீச்சர் நான் கடை நடத்துதேன்." பதினெட்டு சதவீதம்.

சுற்றுகிறது. உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு பேர் குரல் சுற்றுகிறது. சும்மா எழுத்து மட்டும் என்றால் ரெண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும், பின்னிணைப்பு என்று நான்தான் ஆசை ஆசையாக ஒலிப்பதிவு எல்லாம் சேர்த்து வைத்தேன். ஆய்வுத் தலைப்பு: திருநெல்வேலி, தென்காசி மாவட்டப் பேருந்து நிறுத்தப் பெயர்கள். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்ன அன்று கணக்கு டீச்சர் காபியைத் துப்பிவிட்டாள். "இதுக்கா டாக்டர் பட்டம்? கண்டக்டருக்குத்தான் குடுக்கணும்" என்றாள். அவள் கேலியாகச் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னாள். பாதிப் பெயரைச் சொன்னது சுடலைமணி என்கிற கண்டக்டர்தான், பாபநாசம் தடத்தில் இருபத்தாறு வருஷம் ஓடினவர். ஒரு நாள் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "டாக்டர் வீடுல்லாம் எறங்கு" என்று கத்தினார். எட்டிப் பார்த்தேன், டாக்டரும் இல்லை, வீடும் இல்லை, ஒரு டைல்ஸ் கடை இருந்தது. ஆறு பேர் இறங்கினார்கள். எந்த டாக்டர் என்று ஆறு பேரையும் கேட்டால் ஆறு பதில். ஒருவர் பல் டாக்டர் என்றார், ஒருவர் மாட்டு டாக்டர் என்றார், ஒரு அம்மா மட்டும் "டாக்டர்லாம் இல்ல, டாக்டருக்குப் படிச்ச பையன் வீடு, அவனும் முடிக்கல" என்றாள். அன்றைக்கு வந்த சிரிப்பில்தான் இந்த ஆராய்ச்சியே ஆரம்பித்தது. தீப்பெட்டி ஆபீஸ் நிறுத்தத்தில் இப்போது கல்யாண மண்டபம், ரெட்டைப் புளியில் ஒற்றைப் புளிகூட இல்லை, ஆனால் இறங்குகிறவர்களுக்கு ஒரு குழப்பமும் கிடையாது. மூன்றாம் அத்தியாயம் முழுக்க "விலக்கு" என்கிற ஒரே சொல். பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற இடம் எங்கள் பக்கம் விலக்கு. சென்னையிலிருந்து வந்த பேராசிரியை ஒருத்தி, "விலக்கு என்றால் தள்ளிவைப்பது அல்லவா?" என்று கருத்தரங்கில் கேட்டாள். இல்லைங்க, எங்களுக்கு விலக்கு என்றால் நம்ம ஊருக்கு இங்கேதான் இறங்கணும் என்று அர்த்தம் என்றேன், கைதட்டினார்கள். முப்பத்தாறு சதவீதம். முதல் தட்டு நின்ற இடம் வர இன்னும் இருபத்தைந்து. அந்த அறுபத்தொன்றைத் தாண்டிவிட்டால் போதும் என்று மனசு சொல்கிறது, தாண்டினால் மட்டும் எழுபதில் நிற்காது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்.

போன் அடித்தது. அவர்தான். "என்னாச்சு வடிவு?" "எழுதிட்டு இருக்கு." "என்னத்த எழுதுது, எல்லாம் எழுதி முடிச்சாச்சுன்னியே?" "சிடில எழுதுதுங்க." "சிடியா? இன்னுமா அத வாங்குதாங்க?" என்று கொஞ்ச நேரம் சிரித்தார், பிறகு குரலை இறக்கி, "சாப்பிட்டியா?" என்றார். சாப்பிடவில்லை என்று சொன்னால் சிடியைவிட அதுதான் பெரிய விஷயமாகிவிடும், ரெண்டு இட்லி சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். "ராத்திரிக்கு மாவு இருக்கு, நீ மெதுவா வா" என்று வைத்துவிட்டார். ஒன்பது வருஷமாக இதே வசனம். சனி ஞாயிறு பஸ்ஸில் சுற்றிவிட்டு, மற்ற நாளில் பள்ளிக்கூடம் முடிந்து நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு, நான் வீட்டுக்குள் நுழையும்போது தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும். முதல் ரெண்டு மாசம் தோசை என்ற பெயரில் வந்தது என்ன என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பிறகு கை வந்துவிட்டது, இப்போது அவர் ஊற்றுகிற முறுகல் எனக்கு வராது. ஆனால் வெளியே மூச்சு விடக்கூடாது. அவர் அண்ணன் வந்தால் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு ஹாலில் போய்ப் பேப்பரை விரித்துக்கொள்வார், மாவு கை பேப்பரில் ஒட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று நினைத்தால் உடனே பயமாக இருக்கிறது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அண்ணாச்சி, சத்தம் மாறுதே, "அது அப்படித்தான் டீச்சர், வெளி வட்டத்துக்குப் போகுது," அறுபது, அறுபத்தொன்று. நான் மூச்சை விட்டதை அண்ணாச்சி பார்த்தார். அறுபத்திரண்டு. கடை வாசலில் ஒருத்தி ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறாள், முன்பக்கம் பின்பக்கம் ஒரே தாளில். உலகம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி வாய்மொழித் தேர்வு ஒன்றுதான். அதற்கு நெறியாளர் தேதி கொடுக்க வேண்டும். முனைவர் வேலாயுதப்பெருமாள். நல்ல மனிதர், மறதிதான் ஜாஸ்தி, முக்கியமாக நம்மை வரச்சொன்னது மறந்துவிடும். அவர் வீட்டு வராண்டாவில் ஒரு மூங்கில் நாற்காலி உண்டு, அதில் நான் உட்கார்ந்த நேரத்தைக் கூட்டினால் இன்னொரு பட்டம் வாங்கலாம். முதல் அத்தியாயத்தை வரி வரியாகப் படித்தார், ஒற்று மிகும் இடமெல்லாம் பச்சை மையில் போட்டுக் கொடுத்தார், பூரித்துப் போனேன். ரெண்டாவதிலிருந்து பக்கத்தைப் புரட்டுகிற காற்றுதான் வந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் வேண்டுமென்றே ஒரு பக்கத்தைத் தலைகீழாக வைத்துக் கொடுத்தேன். "அருமை" என்று கையெழுத்துப் போட்டுத் தலைகீழாகவே திருப்பிக் கொடுத்தார். கோபம் வரவேண்டிய இடம். வந்தது. போன மாசம் ஒரு சாயங்காலம் நாலு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவர் ஒரு சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டார், அன்று அங்கேயே லேப்டாப்பைத் திறந்து ஒரே மூச்சில் ஒரு பக்கம் தட்டினேன். என்ன தட்டினேன் என்பது இப்போது எதற்கு. எழுதி முடித்ததும் கோபம் போய் நானே சிரித்துவிட்டேன், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. எண்பத்தெட்டு. அவர் கையெழுத்து இல்லாமல் இந்த நாலு பச்சைப் புத்தகமும் இல்லை, அதுவும் உண்மைதானே. தொண்ணூற்று மூன்று. சுற்றுவது மெதுவாகிறது. நூறு. ட்ரே தானாக வெளியே வந்தது, ஊக்கு கேட்கவில்லை. தட்டைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது.

"திறக்குதான்னு பாத்துட்டுத் தாரேன்," என்று அண்ணாச்சி மறுபடி உள்ளே தள்ளினார். மணி நாலு முப்பத்திரண்டு. திரையில் என் தலைப்புப் பக்கம் வந்தது, அடுத்து நெறியாளர் சான்றிதழ், அடுத்து என் உறுதிமொழி, "நூலும் குறுந்தகடும் ஒன்றே எனச் சான்றளிக்கிறேன்", அடுத்து நன்றியுரை. அண்ணாச்சி கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார். "என் நெறியாளர் இந்த ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை முழுவதும் வாசித்தார், அதற்கு நன்றி. மற்ற அத்தியாயங்களை வாசிக்காமலே கையெழுத்திட்டார், அதற்கும் நன்றி." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் தொடர்ந்தார், கதை கேட்கிற ஆவலில் நிறுத்த முடியவில்லை அவருக்கு. "பெயர்களில் பாதியைச் சொன்னவர் பாபநாசம் தடத்தில் ஓடிய நடத்துநர் திரு. சுடலைமணி. நான் பேருந்துகளில் சுற்றிய ஒன்பது ஆண்டும் வீட்டில் இரவுச் சமையல் செய்தவர் என் கணவர் சங்கரநயினார். அவர் ஊற்றிய தோசை நன்றாகவே இருந்தது. மற்றபடி இதை எழுதியவள் நான்." ஐயோ. இது அந்த மூங்கில் நாற்காலிப் பக்கம். புத்தகத்தில் இது இல்லை. அம்பாசமுத்திரத்தில் டி.டி.பி. போட்டவர் அச்சுக்கு முன்னால் போன் போட்டு, "டீச்சர், நன்றியுரை ஒரு மாதிரியா இருக்கே, இப்படியே போடவா?" என்று கேட்டார். பதறிப்போய் எடுத்துவிடச் சொன்னேன். "கவலப்படாதீய, என்கிட்ட நன்றியுரை ரெடியா இருக்கு, பேர மட்டும் மாத்திருவேன்," என்றார். அப்படி மாற்றினதுதான் அச்சில் இருக்கிறது, ரெண்டு பக்கம், அறிவுக்கடல், அருங்குணக்குன்று, கல்லூரிச் செயலர், செயலரின் துணைவியார், என் ஜென்மத்தில் பார்த்திராத ஒரு நூலகர், கடைசியில் "எல்லா வகையிலும் ஊக்கமளித்த என் குடும்பத்தார்". அவர் கம்ப்யூட்டரில் மாற்றினார், என் லேப்டாப்பில் யார் மாற்றுவது? பென் டிரைவில் நான் கொண்டுவந்தது என் லேப்டாப்பில் இருந்ததை. "அண்ணாச்சி, இந்த ஒரு பக்கத்த மட்டும் அழிக்க முடியாதா?" "இது ஒரு தடவ எழுதுத தட்டு டீச்சர். எழுதினது எழுதினதுதான்." பிறகு என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "பேசாம கொண்டு குடுங்க. அங்க உள்ள எந்தக் கம்ப்யூட்டர்லயும் இதப் போட எடமே கிடையாது. வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிருவாவ. ஒருத்தரும் பாக்கப்போறதில்ல," என்றவர், தட்டை உறையில் போட்டுக்கொண்டே, "தோச விஷயம் நல்லாருந்துச்சு" என்றார்.

ரோட்டைத் தாண்டினேன். பல்கலைக்கழக வாசல் ஆர்ச்சிலிருந்து ஆய்வுப் பிரிவுக்கு எட்டு நிமிஷம், நாலு புத்தகத்தோடு பத்து. ஒருத்தரும் பார்க்கப்போவதில்லை. மணி நாலு முப்பத்தொன்பது, வெயில் சாய்ந்துவிட்டது, காற்று நன்றாக இருக்கிறது. நெறியாளர் புது லேப்டாப் வாங்கியிருக்கிறார், என்னுடையதைவிட ஒல்லி, அதில் தட்டு போட வழியே கிடையாது. நூலகத்திலும் எல்லாம் மாற்றிவிட்டார்கள். எடுத்தது நல்லதுதான். உலகத்தில் இருக்கிற அத்தனை லேப்டாப்பிலிருந்தும் எடுக்கட்டும், என் நன்றி பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும், நூறு வருஷம் கழித்து யாராவது ஊக்கால் குத்தித் திறந்து பார்க்கட்டும். நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. உண்மையை எழுதியும் ஆயிற்று, ஒருத்தர் மனசும் நோகவில்லை, ரெண்டும் ஒன்றாக வாய்ப்பது லேசா. ஆனாலும் எங்கேயோ ஒரு முள். யாரும் படிக்க முடியாத இடத்தில் சொன்ன நன்றி நன்றியா? சுடலைமணிக்குப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. அறிவுக்கடல் இருக்கிறார், சுடலைமணி இல்லை. போன வாரம் பஸ்ஸில் பார்த்தபோது, "டீச்சர், புஸ்தகம் வந்ததும் ஒரு தடவ காட்டுங்க, தொட்டுப் பாத்துட்டுத் தந்திருதேன்" என்றார். நான் சரி என்றேனே, எந்த வாயால் சரி என்றேன். வேகமாக நடக்க வேண்டும், அதையெல்லாம் பிறகு யோசிக்கலாம். நாலு நாற்பத்தொன்பது.

ஜன்னல் திறந்திருந்தது. பிரேமகுமாரி, பிரிவு உதவியாளர் என்று பலகை. என் வயதுதான் இருக்கும், கண்ணாடிக்கு மேல் கண்ணாடி போட்ட மாதிரி ஒரு தடிமன் கண்ணாடி. ஒவ்வொரு படிவமாகப் பார்த்து டிக் போட்டாள், பதினாறும் சரி. தட்டை வாங்கினாள். பீரோ அவள் முதுகுக்குப் பின்னால் திறந்தே இருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பீரோ பக்கம் திரும்பவில்லை. டிராயரை இழுத்து, டிபன் பாக்ஸ் மூடி அளவில் கறுப்பாக ஒன்றை எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் வயரைச் சொருகினாள். "வெளியில சொருகுற டிரைவ் மேடம், போன மாசம்தான் வந்துச்சு. ஒருத்தர் வெத்து சிடி குடுத்துட்டாரு, இன்னொருத்தர் அடுத்தவங்க தீசிஸக் குடுத்துட்டாரு. இப்ப திறந்து, மொதப் பத்து பக்கத்தையும் புத்தகத்தோட ஒத்துப் பாத்துத்தான் வாங்கணும்னு ஆர்டர்." சுற்றுகிற சத்தம் கேட்டது. லேப்டாப்பிலிருந்து எடுத்தது டிராயருக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் என்று நான் எங்கே கண்டேன். தலைப்பு, டிக். சான்றிதழ், டிக். உறுதிமொழி, டிக். அடுத்த பக்கம் வந்ததும் அவள் கை நின்றது. திரையைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள், உதடு அசையாமல் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள் என்று கண் போன போக்கில் தெரிந்தது. சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை, மூக்கு லேசாக விரிந்தது. "ரெண்டும் வேற வேறயா இருக்கே மேடம்," என்றாள். "எது சரி?"

எது சரி. நாலு ஐம்பத்தைந்து. "புத்தகம்தான் சரின்னா வேற சிடி கொண்டுவரணும். சிடிதான் சரின்னா புத்தகத்துல அடிச்சுட்டுப் பேனாவால எழுதி, பக்கத்துல சைன் போட்டாப் போதும், அதுக்கு அனுமதி உண்டு. ஆனா நாலு காப்பியிலயும் எழுதணும்." ஊரில் வேறு சிடி கிடையாது, திங்கட்கிழமை வந்தால் தேதி கிடையாது. அப்படியானால் வேறு வழி இல்லாமல்தான் சொன்னேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம், எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லப்போகிறேன், ஆனால் எனக்குத் தெரியும், அவள் கேட்ட உடனே பதில் வந்துவிட்டது, கணக்குப் போட்டதெல்லாம் பிறகுதான். பயம் இல்லாமல் இல்லை. ஒரு பிரதி நேராக நெறியாளர் மேஜைக்குப் போகும். ரெண்டாம் அத்தியாயத்திலிருந்து படிக்காதவர்தான், ஆனால் நன்றியுரை முதல் அத்தியாயத்துக்கு முன்னால் அல்லவா வருகிறது. தன் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று எல்லோரும் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான். படிப்பார். வாய்மொழித் தேர்வுத் தேதியை ஆறு மாசம் தள்ளுவார், தள்ளட்டும். ஒருவேளை மூங்கில் நாற்காலியில் அவரே போய் உட்கார்ந்து மிச்ச அத்தியாயங்களைப் படித்தாலும் படிப்பார், மனிதர் மோசமில்லை. நான் பட்டம் வாங்கினதும் என் வீட்டுக்காரரின் அண்ணனும் புத்தகத்தைப் புரட்டுவார், சமையல் சமாசாரம் ஊர் பூராவும் தெரியும், வீட்டுக்காரர் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், மூன்றாம் நாள் யாருக்கும் தெரியாமல் தானே எடுத்து வாசிப்பார். "சிடியில் இருப்பதுதான் சரி," என்றேன், வகுப்பில் விடை சொல்கிற குரலில் வந்தது. "அப்ப உள்ள வந்து உக்காந்து எழுதுங்க," என்று ஒரு நீலப் பேனாவை நீட்டினாள். "அஞ்சு மணி ஆயிடுமே?" என்றேன். "நீங்க ஜன்னலுக்கு உள்ளதான இருக்கீங்க, எழுதுங்க," என்று எழுந்து போய், நான் ஒன்பது வருஷமாகக் கேட்ட அந்தச் சத்தத்தோடு ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். அறிவுக்கடல் மேல் ஒரு கோடு போட்டேன், அருங்குணக்குன்று மேல் ஒரு கோடு, நூலகர் மேல் ஒரு கோடு, மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா, உங்களை எனக்குத் தெரியாது. திரையைப் பார்த்துப் பார்த்து எழுதினேன், ரெண்டாவது புத்தகத்துக்குப் பிறகு பார்க்க வேண்டியிருக்கவில்லை. முதல் பிரதியில் அவசரத்தில் சுடலைமணியின் "லை" கோணிக்கொண்டது. நாலாவது பிரதியில் எழுத்து நன்றாகவே விழுந்தது, நான் அதை நெறியாளருக்கு என்று தனியாக எடுத்து வைத்தேன்.